அதே கம்பெனி, வேறு வேலை: பெரிய ஐடி நிறுவனத்துக்குள் ரோல் மாறுவது எப்படி?

சென்னையின் பெரிய ஐடி சேவை நிறுவனங்களில் சேரும் பலருக்கு முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை. டிரெய்னிங்கில் ஜாவா படித்திருப்பார். போட்ட இடம் மெயின்ஃப்ரேம் சப்போர்ட்டாக இருக்கும். டேட்டா பக்கம் போக ஆசைப்பட்டவர் மேனுவல் டெஸ்டிங்கில் உட்கார்ந்திருப்பார். இரண்டு மூன்று வருடம் ஓடியதும் ஒரு கேள்வி வரும்: பேப்பர் போட்டுவிட்டு வெளியே போவதா, உள்ளேயே வேறு வேலைக்கு மாறுவதா?

உள்ளே மாறுவது பலரும் நினைப்பதைவிட நல்ல வழி. லட்சக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில் நீங்கள் தேடும் தொழில்நுட்பம் ஏதோ ஒரு அக்கவுண்டில், அதாவது ஏதோ ஒரு கிளையன்டின் வேலையில், நிச்சயம் ஓடிக்கொண்டிருக்கும். நோட்டீஸ் பீரியடில் 60, 90 நாள் தவிக்க வேண்டாம். பிஎஃப், பணிக்கொடைக்கான சர்வீஸ், லீவு எல்லாம் அறுபடாமல் தொடரும்.

மாறிப் போனவனாகவும், ஆளை விடுவிக்க வேண்டிய மேனேஜராகவும் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புதிய இடத்தில் இன்டர்வியூவில் தேறுவது பாதி வேலைகூட இல்லை. பழைய ப்ராஜெக்டிலிருந்து தேதி போட்டு ரிலீஸ் வாங்குவதுதான் பெரிய வேலை. நான் பார்த்தவரை, நின்றுபோன மாற்றங்களில் பெரும்பாலானவை அங்கேதான் நின்றன. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தத் தேதியை நோக்கித்தான் போகின்றன.

முதல் படி: எந்த மாற்றம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

"இந்த ப்ராஜெக்ட் பிடிக்கவில்லை" என்பது காரணம் ஆகாது. ப்ராஜெக்ட் மட்டும் மாறினால் போதுமா, தொழில்நுட்பம் மாற வேண்டுமா, டெஸ்டிங்கில் இருந்து பிசினஸ் அனலிஸ்ட் ஆவதுபோல வேலையின் தன்மையே மாற வேண்டுமா, ஊர் மாற வேண்டுமா? ஒரே நேரத்தில் இரண்டைக் கேட்டால் கிடைப்பது கடினம். டெவலப்மென்ட்டும் வேண்டும், அதுவும் கோயம்புத்தூரில் வேண்டும் என்றால் எது முக்கியம் என்று நீங்களே முடிவெடுத்துக்கொள்ளுங்கள். மேனேஜரோடு சண்டை என்பதற்காக மட்டும் மாற நினைத்தால், ஒரு மாதம் ஆறப்போட்டு யோசியுங்கள். கோபத்தில் தேர்ந்தெடுக்கும் இடம் பெரும்பாலும் கண்ணில் பட்ட முதல் இடமாகவே இருக்கும்.

இரண்டாம் படி: நிறுவனம் உங்களை எந்தக் கணக்கில் வைத்திருக்கிறது என்று பாருங்கள்

சேவை நிறுவனத்தின் வருமானம் பில்லிங்கில் இருந்து வருகிறது. நீங்கள் பில்லபிளாக இருந்தால் உங்கள் பெயரில் கிளையன்டிடம் பணம் வருகிறது. நீங்கள் போனால் மேனேஜர் மாற்று ஆளைத் தேட வேண்டும், கிளையன்ட் அவரை இன்டர்வியூ செய்து ஒப்புக்கொள்ள வேண்டும், கிளையன்ட் ஒரு வங்கி என்றால் பின்னணிச் சரிபார்ப்பும் முடிய வேண்டும். இத்தனையும் முடியும்வரை அந்த இடம் காலியாகக் கிடந்தால் அவருடைய கணக்கில்தான் நஷ்டம். அவர் மறுப்பதற்குக் காரணம் உங்கள் மேல் உள்ள கோபம் இல்லை, இந்தக் கணக்குதான். இது புரிந்துவிட்டால் அவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதும் பிடிபட்டுவிடும்.

இதன் மறுபக்கம் பெஞ்ச், அதாவது எந்த ப்ராஜெக்டும் இல்லாமல் காத்திருப்பது. அடுத்த இடம் உறுதியாகாமல் ரிலீஸ் வாங்குவது இன்றைக்கு ஆபத்தான காரியம். 2025 ஜூனில் டிசிஎஸ் கொண்டுவந்த விதியின்படி ஓர் ஊழியர் ஆண்டுக்குக் குறைந்தது 225 வேலை நாள் பில்லிங்கில் இருக்க வேண்டும். பெஞ்சில் இருப்பது 35 வேலை நாளைத் தாண்டக் கூடாது. அடுத்த மாதமே, ஊழியர்களில் ஏறக்குறைய 2 சதவீதம் பேரைக் குறைக்கப்போவதாக அதே நிறுவனம் அறிவித்தது. மற்ற நிறுவனங்களில் எண்கள் வேறுபடலாம், போக்கு இதுதான். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை ஆகிவிடக் கூடாது. புதிய ப்ராஜெக்டில் உங்களை ஒதுக்கிய பதிவு, அதாவது அலோகேஷன், சிஸ்டத்தில் ஏறும்வரை பழையதை விடாதீர்கள்.

உங்கள் நிறுவனத்தின் உள்மாற்றக் கொள்கையை எச்ஆர் போர்ட்டலில் தேடி ஒருமுறை முழுசாகப் படியுங்கள். மூன்று விஷயம் அதில் இருக்கும்: இப்போதைய ப்ராஜெக்டில் குறைந்தது எத்தனை மாதம் இருந்திருக்க வேண்டும், கடைசி ரேட்டிங் என்னவாக இருக்க வேண்டும், தேர்வான பிறகு பழைய மேனேஜர் அதிகபட்சம் எத்தனை நாளுக்குள் விடுவிக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன எண்ணைக் குறித்து வையுங்கள். பிறகு மிகவும் தேவைப்படும்.

மூன்றாம் படி: கையில் காட்ட ஏதாவது வைத்திருங்கள்

சான்றிதழ் உதவும். ஆனால் அடிப்படைத் தேர்வு மட்டும் எழுதிவிட்டு கிளவுட் இன்ஜினியர் இடம் கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அஷூர் ஏஇசட்-900 போன்றவை எழுதிய ஆயிரக்கணக்கானோர் அதே நிறுவனத்தில் இருக்கிறார்கள்.

அதைவிட மதிப்பு, இப்போதைய வேலையிலேயே புதிய திறமையைக் கொஞ்சமாவது பயன்படுத்தியிருப்பது. எல்2 சப்போர்ட்டில் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய ப்ரொஃபைலில் இப்படி இருக்கும்: "சர்வீஸ்நவ் டிக்கெட்டுகளைக் கையாளுதல், எஸ்எல்ஏ பராமரித்தல், பேட்ச் ஜாப் கண்காணிப்பு." இதைப் படிக்கும் டேட்டா டீம் லீடுக்கு ஒன்றும் தோன்றாது. அதே ஆள் தினமும் காலையில் விழுந்துபோகும் பேட்ச் ஜாப்களின் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின்) லாகைப் பைத்தானில் படித்து, எந்த ஃபைல் வரவில்லை என்று தானாகச் சொல்லும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். அப்போது இப்படி எழுதலாம்: "இரவு பேட்ச் ஓட்டத்தில் ஃபைல் வராததால் எழும் டிக்கெட்டுகளைக் கண்டறிய பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன், முன்பு ஒருவர் கையால் பார்த்த வேலை இப்போது தானாக நடக்கிறது, எஸ்க்யூஎல் கொண்டு மூலத் தரவைச் சரிபார்க்கிறேன்." வேலை அதேதான். ஆனால் இப்போது லீட் நிமிர்ந்து உட்காருவார்.

நிறுவனத்தின் உள் சிஸ்டத்தில் உள்ள ஸ்கில் ப்ரொஃபைலையும் மாற்றுங்கள். பலர் ரெஸ்யூமேயை மெருகேற்றிவிட்டு இதை மறந்துவிடுவார்கள். ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் டீம், அதாவது ஆர்எம்ஜி, ஆள் தேடுவது அந்த சிஸ்டத்தில்தான். மூன்று வருடம் முன்பு டிரெய்னிங் முடிந்ததும் நிரப்பியதே இன்னும் அங்கே இருந்தால் அந்தத் தேடலில் நீங்கள் அகப்படவே மாட்டீர்கள்.

நான்காம் படி: ஓபனிங் தேடுங்கள்

ஐஜேபி போர்ட்டல், அதாவது நிறுவனத்துக்குள் உள்ள காலியிடங்களை அறிவிக்கும் தளம், எல்லாருக்கும் தெரிந்த வழி. தினம் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். பல இடங்கள் போர்ட்டலில் ஏறுவதற்கு முன்பே வாய்வழியாக நிரம்பிவிடுகின்றன. இதில் உங்களுக்கு உள்ள பெரிய சொத்து டிரெய்னிங் பேட்ச்மேட்கள். ஒன்றாகச் சேர்ந்தவர்கள் இன்று வெவ்வேறு அக்கவுண்ட்களில் சிதறி இருப்பார்கள். அந்த வாட்ஸ்அப் குரூப்பில் பிறந்தநாள் வாழ்த்தோடு நிற்காமல், "உங்க டீம்ல டேட்டா பக்கம் ஆள் எடுக்கறாங்களா?" என்று கேளுங்கள். அங்கே லீட் எப்படி, வேலை நேரம் எப்படி என்று போர்ட்டலில் எழுதாததையும் அவர்கள்தான் சொல்வார்கள்.

ஐந்தாம் படி: மேனேஜரிடம் சொல்லுங்கள்

எல்லாரும் தயங்கும் இடம் இது. எப்போது சொல்வது? சில நிறுவனங்களில் விண்ணப்பித்த உடனேயே மேனேஜருக்கு மெயில் போய்விடும். சிலவற்றில் தேர்வான பிறகுதான் போகும். முதல் வகை என்றால் விண்ணப்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டாம் வகையிலும் இன்டர்வியூ தேதி வந்ததும் சொல்வதுதான் நல்லது என்பது என் கருத்து. அவர் எப்படியும் தெரிந்துகொள்வார்; புது மேனேஜர் உங்களைப் பற்றி விசாரிக்கப்போவது அவரிடம்தான். கேன்டீன் பேச்சாக அவர் காதுக்குப் போவதைவிட உங்கள் வாயால் போவது மேல். டீமில் நெருங்கியவர்களிடம்கூட அதற்கு முன் சொல்ல வேண்டாம்.

போகும்போது கோரிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், மாற்று ஏற்பாட்டையும் கையோடு கொண்டு போங்கள். இந்த மாதிரி:

"சார், ஒரு பத்து நிமிஷம் தனியா பேசணும். இந்த அக்கவுண்ட்ல ரெண்டரை வருஷம் ஆகுது. அடுத்து டேட்டா இன்ஜினியரிங் பக்கம் போகணும்னு இருக்கேன். ஐஜேபில ஒரு ஓபனிங் வந்திருக்கு. அப்ளை பண்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடணும்னு வந்தேன். பேட்ச் ஜாப் பக்கம் புதுசா வந்த ரெண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்துட்டிருக்கேன். ஆறு வாரத்துல அவங்களே தனியா பார்த்துப்பாங்க."

அநேகமாக இப்படிப் பதில் வரும்: "இப்ப எப்படிப்பா விட முடியும்? மார்ச்ல மைக்ரேஷன் இருக்கே."

இந்த இடத்தில் வாதம் செய்ய வேண்டாம். அவரே ஒரு நிகழ்வைச் சொல்லிவிட்டார். அதையே தேதியாக மாற்றுங்கள். "சரி சார், மைக்ரேஷன் முடியறவரைக்கும் இருக்கேன். ஏப்ரல் ரெண்டாவது வாரம் ரிலீஸ்னு வெச்சுக்கலாமா? நம்ம பேசினதை ஒரு மெயில்ல போட்டுடறேன்." 'பார்க்கலாம்' என்ற சொல்லோடு அந்த அறையை விட்டு வெளியே வராதீர்கள். 'பார்க்கலாம்' ஆறு மாதம் நீளும். அதற்குள் புதிய டீம் வேறு ஆளை எடுத்துவிடும்.

வெளியில் வாங்கிய ஆஃபர் லெட்டரைக் காட்டி மிரட்டுவதைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். உண்மையிலேயே போகத் தயாராக இருந்தால் ஒழிய அதைச் செய்யாதீர்கள். "சரி, போயிட்டு வா" என்று சொல்லிவிட்டால் அடுத்து பேச ஒன்றும் இருக்காது.

அவர் முற்றிலும் மறுத்தால்? முதலில் காரணத்தைக் கேளுங்கள், எழுத்தில் கிடைத்தால் நல்லது. பிறகு டெலிவரி மேனேஜர், அதற்குப் பிறகு எச்ஆர். முன்பு குறித்து வைத்த அந்த அதிகபட்ச நாள் இங்கேதான் கைகொடுக்கும். புகாராகப் பேசாமல், "கொள்கையில் இத்தனை நாள் என்று இருக்கிறது, எந்தத் தேதி சாத்தியம்?" என்று கேள்வியாகவே வையுங்கள்.

ஆறாம் படி: இன்டர்வியூ

உள் இன்டர்வியூ வெளியில் நடப்பதைவிட இலகுவாக இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். தொழில்நுட்பக் கேள்விகள் அதேதான். கூடுதலாக இரண்டு கேள்வி கட்டாயம் வரும்: ஏன் மாறுகிறீர்கள், எப்போது வர முடியும்? முதல் கேள்விக்குப் பழைய மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லாதீர்கள். நாளை அவர்கள் இருவரும் ஒரே மீட்டிங்கில் உட்காருவார்கள். இரண்டாவது கேள்விக்கு, மேனேஜரோடு பேசி வைத்த தேதியைச் சொல்லுங்கள். 'உடனே வருகிறேன்' என்று வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.

ஏழாம் படி: 'சரி' சொல்வதற்கு முன் கேட்க வேண்டியவை

மகிழ்ச்சியில் கேட்காமல் விட்டுவிட்டுச் சம்பள நாளில் அதிர்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சப்போர்ட்டில் இரவு ஷிஃப்ட் பார்த்தவருக்கு ஷிஃப்ட் அலவன்ஸ் வந்துகொண்டிருக்கும். டெவலப்மென்ட்டுக்கு மாறினால் அது நின்றுவிடும். கிரேடும் சிடிசியும் (மொத்த ஆண்டுச் சம்பளக் கணக்கு) மாறவில்லை என்று எச்ஆர் சொல்வது உண்மைதான். ஆனால் கைக்கு வரும் தொகை குறையும். வீட்டுக்கடன் இஎம்ஐ போகும் வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. இரவு ஷிஃப்ட்டுக்கு வந்த கேபும் நின்றுபோகும். புதிய டீம் எந்தக் கட்டடத்தில், வாரம் எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும் என்று கேளுங்கள். போரூரில் வீடு எடுத்திருப்பவர் தினமும் சிறுசேரி போய்வருவது என்றால் வாழ்க்கையே மாறிவிடும்.

ஒரே கிரேடில் பக்கவாட்டில் மாறும்போது பெரும்பாலும் ஊதிய உயர்வு கிடைக்காது. அதற்குத் தயாராகப் போங்கள், ஆனாலும் கேட்டுப் பாருங்கள். அடுத்த ப்ரமோஷனுக்குப் பழைய ரோலில் இருந்த வருடங்கள் கணக்கில் வருமா என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

அப்ரைசல் காலத்தையும் பாருங்கள். டிசிஎஸ், இன்ஃபோசிஸ் போன்றவற்றின் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. காக்னிசன்டில் ஜனவரி முதல் டிசம்பர். அக்சென்ச்சரில் செப்டம்பர் முதல் ஆகஸ்ட். ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது மாறினால், உங்களைப் பத்து மாதம் பார்த்தவர் ரேட்டிங் அறையில் இருக்க மாட்டார். இரண்டு மாதம் பார்த்தவர் இருப்பார். முடிந்தால் ரேட்டிங் முடிந்த பிறகு மாறுங்கள். முடியாதென்றால், கிளம்பும் முன் பழைய மேனேஜரிடம் சிஸ்டத்திலேயே கருத்து எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தைப் பாராட்டு அடுத்த பில்டிங்குக்குப் போய்ச் சேராது.

ஆன்சைட், அதாவது கிளையன்டின் நாட்டுக்குப் போய் வேலை செய்வதை, எதிர்பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க எல்-1 விசாவுக்கு, முந்தைய 3 ஆண்டுகளில் குறைந்தது 1 ஆண்டு அதே நிறுவனத்திலோ அதன் குழும நிறுவனத்திலோ அமெரிக்காவுக்கு வெளியே தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். உள்ளே மாறுவதால் அந்தக் கணக்கு அறுபடாது. ஆனால் உங்கள் விசா மனு பழைய கிளையன்டின் வேலைக்காகப் போடப்பட்டிருந்தால், ப்ராஜெக்டை விட்டதும் அது கைவிடப்படலாம். இமிகிரேஷன் டீமிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

எட்டாம் படி: தேதியை எழுத்தில் வாங்குங்கள், பிறகு ஒழுங்காக ஒப்படையுங்கள்

தேர்வானதும் பழைய மேனேஜர், புதிய மேனேஜர், ஆர்எம்ஜி மூவரும் இருக்கும் ஒரே மெயில் போக வேண்டும். ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், பொருள் இவ்வளவு இருந்தால் போதும்: "இன்ன ரோலுக்கு இன்ன தேதியில் தேர்வானேன். ஏப்ரல் 10 பழைய ப்ராஜெக்டில் கடைசி நாள் என்றும் ஏப்ரல் 13 புதிய ப்ராஜெக்டில் அலோகேஷன் தொடங்கும் என்றும் பேசி முடிவாகியுள்ளது. கேடி (வேலையை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்து ஒப்படைப்பது) திட்டம் இணைப்பில் உள்ளது. தேதியில் மாற்றம் இருந்தால் இந்த வாரத்துக்குள் தெரிவிக்கவும்." இரண்டு தேதிக்கும் நடுவில் வேலை நாள் எதுவும் வெறுமனே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாள்கள் உங்கள் பெயரில் பெஞ்சாகப் பதிவாகும்.

கேடி என்பது நான்கு வீடியோ கால் போட்டு ரெக்கார்டிங் எடுத்து வைப்பது அல்ல. யாரும் அந்த ரெக்கார்டிங்கைத் திரும்பப் பார்ப்பதில்லை. முதல் கட்டத்தில் நீங்கள் செய்வதை அவர் பார்க்கட்டும். அடுத்து அவர் செய்ய நீங்கள் பாருங்கள். கடைசியில் ரிவர்ஸ் கேடி வைத்து, அவர் உங்களுக்கு விளக்கட்டும். எழுதி வைக்காத விஷயங்களைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்: மாதக் கடைசி வெள்ளி எந்த ஜாப் தாமதமாகும், கிளையன்ட் பக்கம் எந்த விஷயத்துக்கு யாரைக் கூப்பிட்டால் உடனே பதில் வரும், எந்த அலர்ட்டைக் கண்டு பதற வேண்டாம். முடிந்ததும் லீடிடமிருந்து 'கேடி முடிந்தது' என்று ஒரு மெயில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளையன்ட் கொடுத்த லேப்டாப், டோக்கன், ஓடிசி (அந்தக் கிளையன்டுக்கென ஒதுக்கிய அலுவலகப் பகுதி) அனுமதி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். சார்ஜரையும் சேர்த்துத்தான். இரண்டு வருடம் கழித்து நிறுவனத்தை விட்டுப் போகும்போது, எங்கோ பதிவில் கிடக்கும் அந்த லேப்டாப்புக்காக செட்டில்மென்ட் நின்றுபோனவர்கள் உண்டு. பழைய கிளையன்டின் கோடு, ஸ்கிரிப்ட், டேட்டா ஒரு வரிகூட உங்களோடு வரக் கூடாது. நீங்களே எழுதியது என்றாலும் அது கிளையன்டுடையது. நிறுவனம் ஒன்றுதான், ஆனால் அங்கே ஒரு வங்கியும் இங்கே இன்னொரு வங்கியும் இருக்கலாம்.

குழும நிறுவனத்துக்கு மாறுபவர்கள் கவனிக்க

பெயர் ஒன்றுபோல இருந்தாலும் சட்டப்படி அது வேறு நிறுவனம் என்றால், நீங்கள் செய்வது ராஜினாமாவும் புதுச் சேர்க்கையும். பிஎஃப்புக்கான உங்கள் நிரந்தர எண்ணான யூஏஎன் மாறாது, ஆனால் பிஎஃப் உறுப்பினர் எண் மாறும். பழைய தொகை புதுக் கணக்குக்கு மாறியதா என்று இபிஎஃப்ஓ தளத்தில் பாருங்கள். எடுத்துச் செலவழிக்காமல் மாற்றினால்தான் 5 ஆண்டுத் தொடர் சர்வீஸ் கணக்கில் சேரும். அதற்கு முன் எடுத்தால் வரி வரும். பணிக்கொடைக்கும் நிரந்தர ஊழியருக்கு 5 ஆண்டு தொடர் பணி வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்த பிறகும் அது அப்படியே இருக்கிறது. நான்கரை வருடத்தில் மாறுபவர், பழைய சர்வீஸ் தொடர்ச்சியாக எடுத்துக்கொள்ளப்படும் என்ற வரியை ஆஃபர் கடிதத்திலேயே எழுதி வாங்க வேண்டும். நிதியாண்டின் நடுவில் மாறினால் முந்தைய சம்பளத்தையும் பிடித்த வரியையும் புதிய பேரோலுக்குத் தெரிவியுங்கள். இல்லையென்றால் இரண்டு இடத்திலும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, கடைசியில் ரிட்டர்ன் போடும்போது பெரிய தொகை கட்ட நேரிடும்.

ஒன்பதாம் படி: புதிய இடத்தில் முதல் மூன்று மாதம்

வெளியிலிருந்து வருபவருக்கு இன்டக்ஷன் உண்டு, கூட இருந்து வழிகாட்டும் 'பட்டி' (buddy) உண்டு. உள்ளிருந்து வருபவருக்கு எதுவும் இருக்காது. 'நம்ம கம்பெனி ஆள்தானே, எல்லாம் தெரியும்' என்று நினைத்துக்கொள்வார்கள். ஆகவே நீங்களாகவே கேட்டு வாங்க வேண்டும்: ஆர்கிடெக்சர் யார் விளக்குவார், கிளையன்டின் தொழில் என்ன, ஜிட்டில் எந்தக் கிளையில் வேலை, ஒரு ஜிரா டிக்கெட் முடிந்தது என்று எப்போது ஒப்புக்கொள்வார்கள். கிளையன்ட் விபிஎன் அனுமதி வரவே வாரக்கணக்கில் ஆகலாம். அந்த நாள்களில் பழைய டிசைன் டாக்குமென்ட்களைப் படியுங்கள், ஸ்டாண்ட்-அப் என்னும் தினசரிக் குறுங்கூட்டத்தில் காது கொடுங்கள்.

இதில் மனசுக்குக் கஷ்டமான ஒன்று உண்டு. உங்களுக்கு ஐந்து வருட அனுபவம். கிரேடும் அதற்கேற்ப இருக்கும். நீங்கள் எழுதிய ப்ரோகிராமைப் பார்த்து முப்பது கமென்ட் போடுபவர் கல்லூரி முடித்து ஒன்றரை வருடம் ஆனவராக இருப்பார். அந்தத் தொழில்நுட்பத்தில் அவர்தான் சீனியர். பழைய டீமில் உங்களை அண்ணா, அக்கா என்று கூப்பிட்டிருப்பார்கள். இங்கே நீங்கள்தான் சந்தேகம் கேட்கும் ஆள். வெட்கப்படாமல் கேளுங்கள். முதல் மாதத்தில் கேட்கும் எந்தக் கேள்வியையும் யாரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதே கேள்வியை ஆறாம் மாதம் கேட்டால் முகம் மாறும். சப்போர்ட்டில் இருந்து வந்த உங்களிடம் அவரிடம் இல்லாத ஒன்றும் இருக்கிறது: இரவு இரண்டு மணிக்கு ப்ரொடக்ஷனில் எது உடையும் என்று நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்கள். எரர் ஹேண்ட்லிங், லாக் பற்றிப் பேச்சு வரும்போது வாயைத் திறந்து பேசுங்கள்.

பழைய டீம் 'டீம்ஸ்' சாட்டில் பிங் செய்துகொண்டே இருக்கும். உதவத்தான் வேண்டும், ஆனால் வரம்போடு. முதல் இரண்டு வாரம் தினம் அரை மணி நேரம், அதுவும் புது லீடுக்குத் தெரிந்து. அதற்குப் பிறகு வரும் கேள்விகளுக்கு, பதில் எந்த டாக்குமென்ட்டில் இருக்கிறது என்று மட்டும் காட்டுங்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஒரு காலாண்டு ஓட்டினால் இரண்டு டீமிலும் கெட்ட பெயர்தான் மிஞ்சும்.

சேர்ந்த முதல் மாதத்துக்குள் புது மேனேஜரோடு உட்கார்ந்து, அப்ரைசல் சிஸ்டத்தில் இலக்குகளை மாற்றிவிடுங்கள். பலருக்கு வருடக் கடைசியில் திறந்து பார்க்கும்போது 'எஸ்எல்ஏ 98 சதவீதம் பராமரித்தல்' என்ற பழைய ப்ராஜெக்ட் இலக்கே இன்னும் அங்கே இருக்கும். சிஸ்டத்தில் ரிப்போர்ட்டிங் மேனேஜர் பெயர் மாறியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மாறாமல் இருந்தால் உங்கள் லீவு விண்ணப்பம் இன்னும் பழையவரிடமே போய்க்கொண்டிருக்கும்.